கணவர் படிக்கும் செய்திப் பக்கத்தில் நான் தேடியது விளம்பரமாக வருகிறது. பிரவுசரில் எதை மாற்ற வேண்டும்?

செம்பருத்தி_ஜெலுத்தோங்
திங்கள், இரவு 10.52

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி. மகள் வேலைக்குக் கோலாலம்பூர் போனபோது விட்டுவிட்டுப் போனது. காலையில் அது என் கணவருடையது. ஆறு மணிக்குக் கோப்பியோடு உட்கார்ந்தால் தமிழ்ச் செய்திப் பக்கத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுவார். மரண அறிவித்தலைக்கூட விட மாட்டார். அப்புறம்தான் துறைமுக வேலைக்குக் கிளம்புவார். இரவில் அதே கணினியில் நான் தையல் கணக்கு எழுதுவேன், தண்ணீர், மின்சாரக் கட்டணம் கட்டுவேன்.

அவருக்கு 14 வருடமாக இனிப்பு நீர். போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க நான்தான் போனேன். அவருக்குப் பகல் ஷிப்ட். தாளில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் நாள் கிடைத்தது. அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. அன்று இரவு அவர் தூங்கிய பிறகு அந்த வார்த்தையைத் தட்டித் தேடினேன். ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போய், கடைசியில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் பக்கத்தில் நின்றேன். ஒரு தடவைக்கு எத்தனை வெள்ளி, வாரத்துக்கு எத்தனை தடவை, வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போக வேன் உண்டா என்றெல்லாம் பார்த்தேன். கட்டணப் பக்கத்தை மட்டும் மூன்று முறை திறந்திருப்பேன். முடித்ததும் ஹிஸ்டரியில் ஒவ்வொன்றாக அழித்தேன். அது எனக்குத் தெரியும், மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை அடுப்படியில் நிற்கும்போது கூப்பிட்டார். "இங்க வந்து பாரு, காலங்காத்தால என்ன விளம்பரம் போடுறாங்கன்னு." போய்ப் பார்த்தால் அதே மையம். அவர் வயதுள்ள ஒருவர் பழுப்பு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், கையில் குழாய், முகத்தில் சிரிப்பு. செய்திக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. "நீ ஏதாவது தேடினியா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்காகப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி 31 வருடம், அவரிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோப்பியில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அந்தக் குவளையைக் கழுவும்போது எனக்குக் கை நடுங்கியது.

டாக்டரிடமிருந்தோ என்னிடமிருந்தோ அவர் கேட்க வேண்டிய விஷயம் இது. இதை ஒரு விளம்பரம் வந்து சொல்லக் கூடாது. கணினியில் இப்போது குரோம்தான் இருக்கிறது. எதை மாற்றினால் இது நிற்கும்? பில் கட்டும் பக்கங்கள் கெட்டுப்போகக் கூடாது. விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புடவைக் கடை விளம்பரம் வந்தால் வரட்டும். நான் ஓரிடத்தில் பார்த்ததை இன்னோரிடத்தில் என் வீட்டுக்காரருக்குக் காட்டுவதுதான் எனக்கு வேண்டாம்.


நிபோங்_திபால்_தம்பி
திங்கள், இரவு 11.20

அக்கா, படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. இனிமேல் இப்படித் தேடும்போது இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், மூடியதும் அதில் பார்த்தது கணினியில் தங்காது, அது போதும். செட்டிங்ஸில் 'டு நாட் டிராக்' என்று ஒன்று இருக்கும், அதையும் தட்டிவிடுங்கள்.


பாகான்_பழுதுக்கடை
செவ்வாய், இரவு 9.47

அக்கா, பட்டர்வொர்த் பாகான் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன், 18 வருடமாக. உங்கள் பதிவை நேற்றிரவே படித்துவிட்டேன். அவசரத்தில் எழுதக்கூடிய விஷயமில்லை என்று கடையை மூடும்வரை வைத்திருந்தேன்.

நீங்கள் ஹிஸ்டரியை அழித்தது சரிதான், ஆனால் விளம்பரத்தைக் கொண்டுவந்தது அது இல்லை. ஹிஸ்டரி என்பது எங்கெங்கே போனீர்கள் என்று உங்கள் கணினி தனக்காக எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியல். குக்கி என்பது நீங்கள் போன இடத்துக்காரர்கள் உங்கள் கணினியில் கட்டிவிட்டுப் போகும் அடையாளம். பட்டியலில் ஒவ்வொரு வரியாக அழித்தாலும் குக்கி அப்படியே இருக்கும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கும்போது ஜாலான் உத்தாமா நெடுகப் பந்தல்கள் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தலில் மோர் வாங்குகிறீர்கள். திரும்பி வந்தால் அடையாளம் தெரியட்டும் என்று அந்தப் பந்தல்காரர் உங்கள் கையில் ஒரு நூல் கட்டுகிறார். அதில் தப்பே இல்லை. குக்கி பிறந்ததே அதற்காகத்தான். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் கம்பெனியில் இருந்த லூ மொன்டுல்லி என்பவர் அதை உருவாக்கினார். இணையக் கடையில் கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கம் போனதும் மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது. நீங்கள் பில் கட்டும் பக்கத்தில் ஒருமுறை லாகின் செய்தால் கடைசிவரை உங்களைத் தெரிந்து வைத்திருப்பதும் அதே வழியில்தான்.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாப் பந்தலிலும் ஓரமாக ஒரே கம்பெனியின் ஆள் நிற்கிறார் என்று வையுங்கள். பந்தல்காரரே இடம் கொடுத்திருக்கிறார். நீங்கள் அவரிடம் பேசவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. ஆனால் முதல் பந்தலிலேயே அவரும் ஒரு நூலைக் கட்டிவிட்டார். பத்தாவது பந்தலில் நிற்கும் அதே கம்பெனி ஆள் அந்த நூலைப் பார்த்து, 'இவர் முதல் பந்தலில் இதைக் கேட்டவர்' என்று படித்துவிடுகிறார். உங்கள் டயாலிசிஸ் மையம் முதல் பந்தல். செய்திப் பக்கம் பத்தாவது. நூல் கட்டியிருந்தது கணினியின் கையில், அதனால்தான் காலையில் உட்கார்ந்தவர் யாரென்று அதற்குத் தெரியவில்லை. இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கி என்கிறார்கள்.

இனி பிரவுசர். இதில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே மூன்றாம் தரப்புக் குக்கியை முழுவதும் அடைத்துவிட்டது, யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பரில் தெரிந்த உளவுக் கம்பெனிகளின் பட்டியலை வைத்து எல்லாருக்கும் தடுக்க ஆரம்பித்தது. 2022இல் இன்னொன்று செய்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஜாடி. அந்தக் கம்பெனி ஆள் நூல் கட்டலாம், ஆனால் இந்தப் பந்தலில் கட்டிய நூல் அடுத்த பந்தலில் கண்ணுக்குத் தெரியாது. பட்டியலில் இல்லாத புது ஆள் வந்தாலும் இதே கதிதான். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் நடுத்தரம், அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை.

கூகுளின் குரோம் கதைதான் நீளம். இரண்டு வருடத்தில் மூன்றாம் தரப்புக் குக்கியை எடுத்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் சொன்னார்கள். தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். 2024 ஜூலையில் எடுக்கப்போவதில்லை என்றார்கள். 2025 ஏப்ரலில் தனியாகக் கேட்டு ஒரு பெட்டி கூடக் காட்டப்போவதில்லை, இருக்கிற செட்டிங்ஸே போதும் என்று முடித்துவிட்டார்கள். ஆகவே குரோமில் நீங்களாகப் போய் அடைத்தால்தான் உண்டு.

தம்பி சொன்ன இன்காக்னிட்டோ பாதி சரி. அந்த ஜன்னலில் தேடி, மூடிவிட்டுப் படுத்திருந்தால் நூலும் அதோடு போயிருக்கும், மறுநாள் இப்படி நடக்க வாய்ப்பு குறைவு. ஆனால் போன தளத்துக்கும் இணையச் சேவைக் கம்பெனிக்கும் நீங்கள் வந்தது தெரியும். இந்த விஷயத்தில் பயனர்களுக்குத் தவறான எண்ணம் உண்டாக்கினார்கள் என்று அமெரிக்காவில் கூகுள் மேல் 2020இல் வழக்குப் போட்டு, 2024இல் சேர்த்து வைத்த பதிவுகளை அழிக்கச் சம்மதம் வாங்கினார்கள். 'டு நாட் டிராக்' வேண்டாம் தம்பி. 'என்னைப் பின்தொடராதே' என்று ஒரு சீட்டை நீட்டுவது மட்டும்தான் அது, வாங்கிப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. ஃபயர்பாக்ஸே 2025இல் அதைத் தூக்கிவிட்டது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான் அக்கா. ஃபயர்பாக்ஸைப் போடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போனால் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரிக்ட், கஸ்டம் என்று மூன்று இருக்கும். ஸ்ட்ரிக்ட் வையுங்கள். ஏதாவது ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்றால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் கேடயம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தட்டி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்தலாம். பில் கட்ட அது உதவும்.

குரோமையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதில் இரண்டு வேலை. மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடு என்பதைத் தட்டுங்கள். அப்புறம் பழைய குக்கிகளை எல்லாம் ஒரேயடியாக அழியுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் 'மாத்தினேன், ஒண்ணும் ஆகலை' என்று கடைக்கு வருகிறார்கள். கட்டிய நூலை அறுக்காமல் இனிமேல் கட்டாதே என்றால் எப்படி?

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தக் கணினியில் உங்கள் மகளின் கூகுள் கணக்கு திறந்தே கிடக்கிறதா? கிடந்தால் நீங்கள் தேடியது அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கலாம். குக்கியைத் தடுத்தாலும் அது போகாது. மகளிடம் சொல்லி வெளியேறிவிடுங்கள். உங்களுக்கு விண்டோஸிலேயே தனிப் பயனர் கணக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லோடு. அவர் கணக்கு காலைக்கு, உங்கள் கணக்கு இரவுக்கு.

இவ்வளவு செய்தாலும் நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன். திரை அளவு, எழுத்துரு, நேர மண்டலம் இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்து, நூலே இல்லாமல் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு ஏறத்தாழ 4,70,000 பிரவுசர்களைச் சோதித்தது. 83.6 சதவீதம் வேறெந்தப் பிரவுசரோடும் ஒத்துப்போகாமல் தனியாகத் தெரிந்தன. 'கவர் யுவர் டிராக்ஸ்' என்று அவர்களே ஒரு பக்கம் நடத்துகிறார்கள். அதில் ஒரு பொத்தானைத் தட்டினால் உங்கள் பிரவுசர் எவ்வளவு தனியாகத் தெரிகிறது என்று சொல்லும்.


பிரிக்ஃபீல்ட்ஸ்_நிலா
புதன், பகல் 1.15

அக்கா, நான் கோலாலம்பூரில் இணைய விளம்பர வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மாதிரிப் பட்டியல்களை நானே என் கையால் போட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு மையம் தன் இணையப் பக்கத்தில் சில வரி நிரலை ஒட்டி வைக்கும். அதைப் பிக்சல் என்போம். யார் முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள், யார் கட்டணப் பக்கம்வரை வந்தார்கள் என்று பிரிப்போம். கட்டணம் பார்த்தவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர் என்று கணக்கு, அவருக்குத்தான் அதிகம் காட்டுவோம். நீங்கள் மூன்று முறை திறந்தது அங்கே 'ரொம்ப ஆர்வம்' என்று பதிவாகியிருக்கும். உங்கள் பயம் எங்கள் திரையில் ஆர்வமாகத் தெரிகிறது. ஃபேஸ்புக்கில் இப்படி ஒரு பட்டியலில் ஒருவரை 180 நாள்வரை வைத்திருக்கலாம், கூகுளில் 540 நாள்வரை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் காட்டலாம் என்று வரம்பு வைக்க முடியும். வைக்காமல் விட்டால் ஒரே பக்கத்தில் மூன்று தடவை வரும், நீங்கள் பார்த்த மாதிரி.

நோயை வைத்து ஆளைக் குறிவைக்கக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது. ஆனால் சந்தையில் சின்ன விளம்பர வலைப்பின்னல்கள் நிறைய. அவசரத்தில் நிரலை ஒட்டும் ஆள் விதியைப் படிப்பதில்லை. என் வேலையிடத்தில் மருத்துவ வாடிக்கையாளர் யாராவது இப்படிக் கேட்டால் இனி நான் செய்ய மாட்டேன் என்று நேற்றே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பதிவைக் காட்டித்தான் சொன்னேன், பெயர் எதுவும் இல்லையே என்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. உடல்நலம் பற்றிய தகவலை அது கூருணர்வுத் தரவு என்று தனியாகப் பிரிக்கிறது, அதற்கு வெளிப்படையான சம்மதம் வேண்டும். நேரடி விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்று எழுதிக் கேட்க 43ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. 2025இல் அபராதத்தின் உச்சவரம்பும் மூன்று லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சத்துக்கு ஏறியிருக்கிறது. அந்த மையத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் தமிழ்ப் பத்திரிகைகள் இந்த விளம்பரக் காசில்தான் பாதி மூச்சு விடுகின்றன. தடுங்கள், தடுக்கத்தான் வேண்டும். முடிந்தால் ஞாயிறு இதழையாவது காசு கொடுத்து வாங்குங்கள்.


செம்பருத்தி_ஜெலுத்தோங்
ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. பாகான் தம்பி சொன்னபடியே செய்தேன். மகளைப் போனில் வைத்துக்கொண்டு முதலில் அவள் கணக்கிலிருந்து வெளியேறினேன். குரோமில் குக்கிகளை அழித்தேன். ஃபயர்பாக்ஸ் போட்டு ஸ்ட்ரிக்ட் வைத்தேன். அதில் தமிழ் இடைமுகமே இருக்கிறது, எனக்கு இது தெரியாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை தண்ணீர்க் கட்டணம் கட்டும்போது வங்கியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கவே இல்லை, சுற்றிக்கொண்டே நின்றது. கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தினேன், கட்டி முடித்தேன், மறுபடி போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் வழக்கம்போல உட்கார்ந்தார். அந்த விளம்பரம் இல்லை. ஆனால் அது இருந்த இடங்கள் வெள்ளையாகக் காலியாகக் கிடந்தன. மூன்று கட்டம். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளை எடுத்துக் காட்டினேன். நட்சத்திரக் குறியைக் காட்டினேன். டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "போன வருஷத்துத் தாள் எங்கே?" என்றார். அலமாரியைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் தையல் நோட்டில் எண்களை எழுதினார். வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்க வேண்டியது என்று தலைப்புப் போட்டு நாலு கேள்வியும் எழுதி வைத்திருக்கிறார். லீவு சொல்லிவிட்டார்.

இன்று காலை பசாருக்குப் போனவர் பத்திரிகையின் ஞாயிறு இதழும் வாங்கி வந்தார், நிலா. நான்தான் சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு கேள்வி. நேற்றிரவு அவர் தன் கைத்தொலைபேசியில் அதே சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். ஆண்ட்ராய்ட். அவர் வேலையிடத்தில் அந்தப் போனைக் கூட்டாளிகள் வாங்கிப் பாட்டுக் கேட்பார்கள், பந்து பார்ப்பார்கள். அங்கே இந்த விளம்பரம் வரக் கூடாது. அதற்கு என்ன செய்ய வேண்டும்?


பாகான்_பழுதுக்கடை
ஞாயிறு, இரவு 10.05

போனிலும் ஃபயர்பாக்ஸ் போடுங்கள் அக்கா. செட்டிங்ஸில் அதே ஸ்ட்ரிக்ட் இருக்கும். ஆண்ட்ராய்ட் குரோமில் கூடுதல் செயலி எதையும் ஒட்ட முடியாது, ஃபயர்பாக்ஸில் முடியும். விளம்பரத்தைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' என்பதைத் தேடிப் போடுங்கள், ரேமண்ட் ஹில் எழுதியது, காசு கேட்காது. பெயரில் ஆரிஜின் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பெயரோடு வேறொன்றும் இருக்கிறது.

பிரவுசர் தடுப்பது பிரவுசருக்குள் மட்டும்தான். பந்து பார்க்கும் செயலியில் வரும் விளம்பரத்தை அது தொடாது. அதற்குப் போனின் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் விளம்பரம் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். அதை அழித்துவிடுங்கள். அவருடைய கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்பதைத் திறந்து, தனிப்பயன் விளம்பரத்தையும் அணைத்துவிடுங்கள். நேற்றுத் தேடியதைக் கணக்கின் தேடல் பதிவிலிருந்து அவரையே அழிக்கச் சொல்லுங்கள்.

செய்ய முடியாவிட்டால் புதன்கிழமை மாலை ஃபெரி ஏறி வந்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. காசு வேண்டாம். வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள் அக்கா.